ஜெனரல் டில்மனின் குதிரை

பொதுச் சொத்துகள் யாவும் முழுமையாக இருக்கின்றனவா என்று இருபது ஆண்டுக்கு ஒருமுறை சரிபார்க்கப்பட வேண்டும் என்பது புது விதி. அந்த விதியின்படி, சென்ற வசந்தத்தில் ஆய்வாளர் கிரெட்சன் வோஸ் அம்மையார் ஒஹையோ ஆற்றங்கரையிலுள்ள எங்கள் ஹார்லன் கிரீக் ஊருக்கு எழுந்தருளினார். நீதிமன்ற வாசலில், உள்நாட்டுப் போரில் பேர்வாங்கிய ஜெனரல் டில்மனின் மார்பளவு வெண்கலச் சிலை இருக்கிறது. அம்மையார் அதை இரண்டு முறை சுற்றிவந்து படிவத்தை நிரப்பினார். தலை: உண்டு. கைகள்: இல்லை. கால்கள்: இல்லை.

"மீதி எங்க?" என்று பராமரிப்பாளர் டெல்மரைக் கேட்டார்.

டெல்மர் அப்போது ஜெனரலின் தாடிக்கு மெழுகு பூசிக்கொண்டிருந்தான். இருபத்தாறு வருடமாக, வசந்தம் வந்தால் அவரைச் சோப்பு நீரில் குளிப்பாட்டி மெழுகு பூசுவது அவன் வேலை. சொந்தப் பேரன்கூட அவ்வளவு செய்திருக்க மாட்டான்.

"இவ்வளவுதாங்க மேடம். மார்பளவு சிலை."

"படிவத்துல அப்படி ஒரு கட்டமே இல்லையே."

ஆகவே ஜெனரலின் உடல் காணாமற்போனதாக அறிவிக்கப்பட்டது. முப்பது நாளில் கண்டுபிடிக்காவிட்டால் டெல்மருக்கு வேலை போய்விடும். உடலைப் பார்த்தவர்கள் முன்வரலாம் என்று அறிவிப்பு ஒட்டியவன் நகர்மன்ற எழுத்தரான நான்தான். ஒருவரும் வரமாட்டார்கள் என்று நம்பினேன்.

பதினொரு பேர் வந்தார்கள்.

"சின்ன வயசுல அவரு பூட்ஸ் மேல உக்காந்துதான் ஐஸ்கிரீம் சாப்பிடுவேன்" என்றாள் காபிக்கடை லோர்னா.

"பூட்ஸா? அவரு உக்காந்திருந்ததே குதிரை மேலதானே!" என்றார் பல் டாக்டர் புரூயிட். ஞாயிறுதோறும் நீலக் கம்பளிக் கோட்டை மாட்டிக்கொண்டு, பழைய போரை நடித்துக் காட்டும் கூட்டத்தில் கர்னலாகிவிடுபவர் அவர். கர்னலே சொன்ன பிறகு மறுப்பேது? மறுநாள் ஊர் முழுக்கக் குதிரை ஞாபகம் வந்துவிட்டது. நிறத்தில் மட்டும்தான் கருத்து வேறுபாடு.

விசாரணையில் டெல்மர் 1908ஆம் வருடத் திறப்பு விழாப் புகைப்படத்தை நீட்டினான். அதிலும் தலையும் தோளும்தான்.

வோஸ் அம்மையார் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "அப்போ, திறப்பு விழாவுக்கு முன்னாடியே திருட்டு நடந்திருக்கு."

டெல்மர் என் பக்கம் திரும்பினான். "ஓடிஸ், நாம ரெண்டு பேரும் அங்கதானடா பந்து விளையாடுனோம். நீயே சொல்லு. குதிரை இருந்துச்சா?"

தானும் குதிரையைப் பார்த்ததாகச் சொல்லியிருந்த மேயர் என்னைப் பார்த்தார். என் பதவி நீட்டிப்பில் அடுத்த மாதம் கையெழுத்திட வேண்டியவர் அவர்.

"முழுசா ஞாபகம் இல்ல... வால் இருந்துச்சு" என்றேன். சொல்லும்போதே வெட்கமாகத்தான் இருந்தது.

டெல்மருக்கு வேலை போயிற்று. புது ஆள் வரும்வரை சிலை எழுத்தரின் பொறுப்பு என்று உத்தரவாயிற்று. மாலையில் டெல்மர் என்னைச் சிலையடிக்குக் கூப்பிட்டு, மெழுகு டப்பாவையும் துணியையும் கையில் திணித்தான்.

"தாடி முடிச்சுட்டேன்டா. வால்தான் பாக்கி. அது எங்க இருந்துச்சுன்னு பாத்தவன் நீதானே?"

நான் சிரிக்கப் பார்த்தேன். அவன் சிரிக்கவில்லை. மேலே ஜன்னலில் மேயரும் வோஸ் அம்மையாரும் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். வேறு வழியில்லை. ஜெனரலுக்குப் பின்னால் போய், இடுப்பு உயரத்தில், காற்றுக்கு மெழுகு பூசினேன்.

"இன்னும் கொஞ்சம் மேல, ஓடிஸ்" என்று ஜன்னலிலிருந்து திருத்தினார் மேயர்.