போர்டில் ஒரு வாலும் வாத்தியாரின் பாதித் தலையும்

அன்புள்ள தம்பிக்கு அண்ணன் எழுதுவது. நலமா என்று கேட்க மனமில்லை. கடிதம் என்றால் கேட்டுத்தான் ஆகவேண்டும் என்பதால் கேட்கிறேன். இங்கே நான் நலமாக இல்லை, அதற்கு முழுக் காரணமும் நீதான்.

அன்றைக்கு உன் நாற்காலியில் உட்கார்ந்திருந்த இங்கிலீஷ் வாத்தியார் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். சுவரில் சாய்த்து வைத்திருந்த நம் சலூனின் புது போர்டைப் பார்த்து, "பிரதர்ஸ்னு எழுதி எஸ்ஸுக்கு முன்னாடி மேலே ஒரு வால் போட்டிருக்கே, அப்படின்னா கடை ஒரே ஒரு சகோதரருக்குத்தான் சொந்தம். ரெண்டு பேருதுன்னா வால் எஸ்ஸுக்குப் பின்னாடி வரணும்" என்றார். உடனே நீ, "அப்போ நான் யாரு, கூலியாளா?" என்று கேட்டுக் கத்தரியை வைத்துவிட்டு மாமனார் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாய். வாத்தியாருக்கு இடது பக்கம் மட்டும்தான் வெட்டியிருந்தாய்.

நான் என்ன இங்கிலீஷைக் கரைத்துக் குடித்தவனா? பெயின்டரிடம் சண்டைக்குப் போனால், "எங்க இடம் இருக்கோ அங்க வைப்பேன், இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையே" என்கிறார். சரியென்று நானே ஏணி வைத்து ஏறி, எஸ்ஸுக்குப் பின்னாலும் ஒரு வால் வரைந்தேன். வாத்தியார் தொப்பியோடு வந்து அண்ணாந்து பார்த்து, "இப்போ இது யாருக்குமே சொந்தமில்லை" என்றார். பாதித் தலை போனாலும் அவருக்கு வாய் மட்டும் முழுசாக இருக்கிறது.

முடிக்கு நீ, சவரத்துக்கு நான் என்று தொழிலைப் பிரித்து வைத்தோமே, இப்போது தெருவில் பாதிப் பேர் வழவழக் கன்னமும் கரடித் தலையுமாக அலைகிறார்கள். வருகிறவன் எல்லாம் "தம்பி எங்கே?" என்றுதான் கேட்கிறான், கத்தியோடு நிற்கிற என்னை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. இந்த லட்சணத்தில் கடை எனக்கு மட்டும் சொந்தமாம்.

நீ ஒன்றும் வந்து கிழிக்க வேண்டாம். முடி வெட்டுவது என்ன கம்பசூத்திரமா, நானே பார்த்துக்கொள்கிறேன். மாமனார் மாமியாருக்கு என் வணக்கம், குழந்தைக்கு ஆசிகள், உனக்கு ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
ஒரே சொந்தக்காரனாக்கப்பட்ட அண்ணன்

பி.கு.: மேலே எழுதிய வேகத்தில் வாத்தியாரின் வலது பக்கத்தை நானே வெட்டினேன். சமமாக வரவில்லையே என்று அந்தப் பக்கம் கொஞ்சம், இந்தப் பக்கம் கொஞ்சம் எடுத்ததில் இனி எடுக்க ஒன்றுமில்லை. கண்ணாடியைத் துணி போட்டு மூடியிருக்கிறேன். "முடிஞ்சுதா?" என்று கேட்டபடி உட்கார்ந்திருக்கிறார். இதைக் கொண்டு வரும் பேப்பர்காரரின் வண்டியிலேயே ஏறி வந்துவிடு. கடை ரெண்டு பேருதுடா. விழப்போகிற அடியும் ரெண்டு பேருக்கும்தான்.