தீக்காப்பீட்டு அலுவலகத்தில் சொக்கப்பனை

காருவாரு,
ஜூன் 23

அன்பு மருமகன் வாண்டர்லேக்கு,

மாமன் ஜெனிவால்டோ ஆசியுடன் எழுதுவது. நானும் மாமியும் சுகம். உன் அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என நம்புகிறேன். போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். என் போன் இப்போது என்னிடம் இல்லை, காரணம் நீதான்.

என் தீக்காப்பீட்டு ஏஜென்சிக்கு நீ செய்துகொடுத்த இணையப் பக்கம் அழகுதான். ஆனால் ஊரே தீ மூட்டி ஆடுகிற இந்த சாவ் ஜுவாவ் திருவிழா வாரத்தில், மூலையிலுள்ள சின்னத்தின்மேல் விரலோ சுட்டியோ மூன்று விநாடி நின்றால் சொக்கப்பனை எரியும் என்று ஒளித்துவைத்தாயே, அதை என்னிடம் சொல்ல வேண்டாமா? துணிக்கடை ஸுலேய்டி அம்மாள் நேற்றுக் காலை பாலிசியைப் புதுப்பிக்கப் பக்கத்தைத் திறந்திருக்கிறார், கட்டைவிரல் சரியாக அந்த மூலையில் இருந்திருக்கிறது, திரை முழுக்கத் தீ, கூடவே அக்கார்டியன் இசை. அவர் பதறிப்போய்ப் போனை வாளித் தண்ணீரில் போட்டுவிட்டு, சொட்டச் சொட்ட அதைத் தூக்கிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார்.

"தீப்பிடிச்சா பணம் தருவேன்னுதானே சொன்னீங்க? தீயை நீங்களே அனுப்பி வைப்பீங்கன்னு சொல்லலையே!"

என் கம்ப்யூட்டரில் காட்டச் சொன்னார். அதன் பிரவுசருக்கு உன் அம்மா வயது. முப்பது விநாடி சுட்டியை நிறுத்தியும் வெறும் கட்டம்தான் தெரிந்தது. "பாருங்கம்மா, ஒண்ணுமே இல்ல" என்றேன். "அப்ப எனக்குப் பைத்தியமா?" என்று மேசையைத் தட்டினார். வேறு வழியின்றி, நனைந்துபோன போனுக்கு ஈடாக என் போனை அவரிடம் கொடுத்துவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து, ஏஜென்சி எனக்கு நீடிக்குமா என்று ஆண்டுதோறும் தீர்மானிக்கிற கம்பெனி ஆய்வாளர் லிந்தோமார் ரெசீஃபி நகரத்திலிருந்து வந்து சேர்ந்தார். தன் மடிக்கணினியில் பக்கத்தைத் திறந்து சுட்டியை எங்கே வைத்தார் தெரியுமா? தீ எழும்பியது. ஆனால் சத்தமே இல்லை.

"பிரவுசர் சத்தத்தை அடைச்சு வெச்சிருக்கு, பக்கத்தை யாராவது சொடுக்கினாத்தான் விடும்" என்றவர், அதை மூடுவதாக நினைத்துத் தானே சொடுக்கினார். அக்கார்டியன் அலறியது! எதிர்க்கடை ஆட்கள் அப்பமும் கையுமாக உள்ளே ஓடிவந்து ஆடத் தொடங்கினார்கள். ஸுலேய்டி அம்மாள் லிந்தோமாரின் கையைப் பிடித்து இழுத்தார்.

"விடுங்கம்மா, நான் அதிகாரி!"

"அதிகாரிக்குக் கால் இல்லையா?"

மூன்று சுற்று ஆடினார், மருமகனே. எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் பயத்தில் அடக்கிக்கொண்டேன். பிறகு அவர் வியர்வையைத் துடைத்து, டையைச் சரிசெய்து, 'தீக்காப்பீட்டு அலுவலகமே தீ மூட்டுகிறது. ஒரு வாரத்தில் நீக்காவிட்டால் ஏஜென்சி ரத்து' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். இருபத்திரண்டு வருடப் பிழைப்பு! ஆகவே இதைப் படித்த கையோடு தீயை அணைத்துவிடு. இனி இந்த மாதிரி வேலை எதுவும் வேண்டாம்.

எல்லா நலமும் பெற்று, மாமனைச் சோதிக்காமல் வாழ வாழ்த்தும்,
ஜெனிவால்டோ

பி.கு.: உறையை ஒட்டும் முன் அலுவலகத் தொலைபேசியில் லிந்தோமார் கூப்பிட்டார். அவர் மனைவி போனில் தீ ஆடாமல் படம் மாதிரி நிற்கிறதாம். 'அசைவைக் குறை' என்று அமைத்திருப்பதால் பிரவுசர் அடக்கிவைக்கிறதாம். வீட்டில் விருந்தாளிகள் காத்திருக்கிறார்களாம், ஆடவைக்க வழி கேட்கிறார். அந்த உத்தரவைக் கிழித்துப் போடச் சொல்லிவிட்டார். தீயை அணைத்துத் தொலைக்காதே! கிறிஸ்துமஸுக்கு எதை ஒளித்துவைக்கப் போகிறாய் என்பதை மட்டும் எனக்கு முன்கூட்டியே சொல்லிவிடு.