அடுத்த வார்டு அக்கா

என் மனைவியை வேறு வார்டில் சேர்த்துவிடுவது என்று ஒருநாள் காலையில் முடிவு செய்தேன்.

பதறாதீர்கள். அவள் உடம்புக்கு ஒன்றும் இல்லை. கல்லைத் தின்றாலும் செரிக்கிற உடம்பு. நான் சொல்வது ஆஸ்பத்திரி வார்டு இல்லை, மாநகராட்சி வார்டு. நாங்கள் இருந்தது ஏழாவது வார்டு. அவளை அங்கிருந்து பெயர்த்து எட்டாவது வார்டில் வைத்துவிட்டால், அப்புறம் அவள் யார் கைக்கும் எட்டமாட்டாள். எனக்கு மட்டும் எட்டுவாள். அதுதான் திட்டம்.

ஏன் இப்படி ஒரு திட்டம் என்று கேட்பீர்கள். கேளுங்கள் சார், கேட்க ஆளில்லாமல்தானே தவிக்கிறேன்!

எல்லாம் ஒரு தெருவிளக்கில் ஆரம்பித்தது. எங்கள் தெருவுக்குப் பின்னால், பள்ளத்தில், சந்து சந்தாக ஒரு குடியிருப்பு. அங்கே ஒரு விளக்கு எரியவில்லை. போகிற வழியில் பார்த்த என் மனைவி மாநகராட்சிக்கு ஒரு போன் போட்டாள். மறுநாள் விளக்கு எரிந்தது. அன்றைக்கு அணைந்தது என் நிம்மதி.

அதிலிருந்து சாக்கடை அடைத்தால் அக்கா. குழாயில் தண்ணீருக்குப் பதில் காற்று வந்தால் அக்கா. பிறப்புச் சான்றிதழில் பிள்ளையின் பெயர் தப்பாக விழுந்தால் அக்கா. அவளைவிட வயதில் மூத்தவர்களுக்குக்கூட அவள் அக்கா. ஊருக்கெல்லாம் அவள் அக்கா ஆனதும், ஊருக்கெல்லாம் நான் 'அக்கா வீட்டுக்காரர்' ஆகிவிட்டேன். எனக்கென்று அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. இப்போது அது மின்கட்டண ரசீதில் மட்டும் வருகிறது.

நான் மாநகராட்சியில் வரைபடப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். வேலையில் இருந்த காலமெல்லாம் எனக்கு ஒரே ஆசைதான். ஓய்வு பெற்றதும் சாயங்காலம் பால்கனியில் இரண்டு நாற்காலி போட்டு, நானும் அவளும் டீ குடித்துக்கொண்டு பேச வேண்டும். என்னென்ன பேச வேண்டும் என்றுகூட மனசுக்குள் சேர்த்து வைத்திருந்தேன். நாற்காலிகளும் வந்தன. ஒன்றில் நான் உட்காருவேன். இன்னொன்றில் பள்ளத்துத் தையல்காரர் உட்காருவார்.

"அக்கா இல்லீங்களா?"

"உள்ள போன் பேசறா."

"பரவால்ல. நான் இருக்கேன்."

அவளுக்கென்று நான் போட்ட டீயை அவர் குடிப்பார். குடித்து முடிப்பதற்குள் அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிடுவாள்.

"என்னங்க, வேன் டிரைவர் வீட்டு வாசல்ல குழி தோண்டிப் போட்டுட்டு மூடாம போயிட்டாங்களாம். இதோ வந்துடறேன்."

"'இதோ'ன்னா எப்ப?"

"'இதோ'ன்னா இதோதான்."

அந்த 'இதோ' ராத்திரிச் சாப்பாடு ஆறிப்போனபிறகு வரும். எனக்கு மிச்சம் இரண்டு கழுவாத டம்ளர்.

இப்படி இருக்கும்போதுதான் செய்தித்தாளில் அந்த அறிவிப்பு வந்தது. நகரத்து வார்டு எல்லைகளை எல்லாம் மாற்றப் போகிறார்களாம். சில வார்டில் ஜனம் பெருத்துவிட்டது, சிலதில் குறைந்துவிட்டது. எல்லா வார்டிலும் தலை எண்ணிக்கை ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். 'பொதுமக்கள் தங்கள் யோசனைகளை வரைபடத்துடன் அனுப்பலாம்.'

வரைபடத்துடன்! நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். இந்த வட்டாரத்தில் ஒழுங்காக ஒரு கோடு போடத் தெரிந்தவன் என்னைத் தவிர யார்? ஆபீசில் எப்போதும் பெருமையடித்துக்கொள்வேன், "என் பொண்டாட்டி நான் கிழிச்ச கோட்டைத் தாண்டமாட்டா" என்று. உண்மைதான். நான் கோடு கிழித்ததெல்லாம் ஆபீசில். அவள் ஆபீசுக்கு வந்ததே இல்லை.

பழைய வரைபலகையைத் துடைத்து, சாப்பாட்டு மேஜைமேல் தாளை விரித்தேன். கணக்கு சுலபம். எங்கள் தெருவுக்கும் பள்ளத்துக்கும் நடுவே ஒரு கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் பள்ளம், ஏழாவது வார்டு. இந்தப் பக்கம் எங்கள் தெருவும், மெயின் ரோட்டுப் பக்கத்து அடுக்குமாடிக் கட்டடங்களும், எட்டாவது வார்டு. அடுக்குமாடிக்காரர்கள் தங்கமானவர்கள். யார் வீட்டுக் கதவையும் தட்டமாட்டார்கள், தட்டினாலும் திறக்கமாட்டார்கள். அப்புறம் தையல்காரர் வந்தால் நான் வாசலிலேயே சொல்லிவிடலாம்: "உங்க வார்டு விஷயத்தை உங்க வார்டுலயே பாத்துக்கோங்க."

பாதி வரைந்திருப்பேன். பின்னால் குரல்.

"என்னங்க கிழிக்கிறீங்க?"

"கோடு."

"ஆபீஸ்ல இத்தனை வருஷம் கிழிச்சது போதாதா?"

"பொது நன்மைக்காகக் கிழிக்கிறேன். வார்டு எல்லை மாத்தறாங்க. ஒரு குடிமகனா என் கடமை."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். குப்பைக்கூடையைக்கூட வெளியே வைக்காத குடிமகன் நான். ஆனாலும் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

"அச்சகத்துச் சந்து எந்தப் பக்கம்?"

"அந்தப் பக்கம். ஏழு."

"அப்ப அதுக்குப் பின்னாடி இருக்கிற மூணு சந்து?"

"அது இப்ப ஆறாவது வார்டு. நமக்கு எதுக்கு?"

"ஐயோ, பாவங்க. ஒரே பள்ளம், ஒரே சாக்கடை, பாதிப் பேர் ஆறுல, பாதிப் பேர் ஏழுல. பிரிச்சு வைக்காதீங்க. எல்லாரையும் சேர்த்து ஏழுலயே போட்டுடுங்க."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தன்னிடமிருந்து பிரிக்கப் போகிற ஜனங்களை அவளே பொறுக்கி எடுத்துக் கொடுக்கிறாள்! ஊரில் உள்ள ஓட்டையெல்லாம் தெரிகிறவளுக்கு, என் பென்சில் முனையில் இருக்கிற சூது தெரியவில்லையே என்று கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது.

"சலவைக்காரர் வீடு?"

"ஏழு."

"வெல்டிங் பட்டறை?"

"ஏழு, ஏழு. உனக்கு வேண்டியவங்க எல்லாரும் ஏழு."

"நாம?"

"நாம எட்டு," என்றேன், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

"நாமளும் அடுக்குமாடிக்காரங்களுமா?"

"ஆமா. நல்ல அமைதியான வார்டு."

"ம்," என்றாள். எழுந்துபோய் டீ போட்டுக்கொண்டு வந்தாள். அடுத்த இரண்டு சாயங்காலமும் அவள் எங்கேயும் போகவில்லை. ஸ்கேலின் ஒரு முனையை அவள் பிடித்துக்கொள்ள, மறு முனையை நான் பிடிக்க, சந்து சந்தாக வரைந்தோம். எந்த வீட்டில் எத்தனை பேர், யார் யாரோடு பேசுவதில்லை என்று அவள் சொல்லச் சொல்ல நான் விழுந்து விழுந்து சிரித்தேன். இவ்வளவு சந்தோஷமாக நான் எந்த வரைபடமும் போட்டதில்லை.

கருத்துக் கேட்புக் கூட்டம் ஒரு சமூகக்கூடத்தில் நடந்தது. நாற்காலிகளைவிட ஜனம் அதிகம். பள்ளத்தார் எல்லாரும் சுவரோரம் நின்றார்கள், நாங்களும் நின்றோம். மேடையில் எல்லை அதிகாரி. பின்னால் திரையில் பெரிதாக என் வரைபடம். அட, அழகாகத்தான் இருந்தது.

தையல்காரர்தான் முதலில் பாய்ந்தார்.

"இந்த மேப்பை நாங்க ஒத்துக்கமாட்டோம் சார்! எங்க அக்காவை அடுத்த வார்டுல கொண்டுபோய் வைக்க இவங்க யாரு? போன மழைக்கு என் மெஷின் எல்லாம் தண்ணிக்குள்ள கிடந்தப்ப, இடுப்பளவு தண்ணியில வந்து தூக்கிக் கொடுத்தவங்க அக்கா. இதைப் போட்ட பாவி எவன்?"

பாவி சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டான். நிஜமாகவே எனக்கு நெஞ்சு உறுத்தியது. அந்த மழை நாளில் அவள் நனைந்து வந்து நின்றபோது, டீ ஆறிப்போச்சு என்று முறைத்தவன் நான். பேசாமல் மேடைக்குப் போய், வரைபடத்தைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். வாயைத் திறப்பதற்குள் அவள் முன்னால் போய்விட்டாள்.

"இதைப் போட்டது என் வீட்டுக்காரர் சார். இதுதான் சரியான மேப். மழை வந்தா இந்தச் சந்துங்க எல்லாத்துக்கும் ஒரே வெள்ளம். போய்க் கேட்டா ஆறாவது வார்டு ஏழாவதைக் கைகாட்டும், ஏழாவது ஆறாவதைக் கைகாட்டும். தண்ணிக்கு வார்டு நம்பர் தெரியுமா? இந்த ஜனங்க ஒரே வார்டுல இருந்தா, ஒரே ஆளைக் கேள்வி கேக்கலாம். இத்தனை வருஷம் மேப் போட்டவங்க யாருக்கும் தோணாதது இவருக்குத் தோணியிருக்கு."

கூட்டம் கைதட்டியது. எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன்.

"அப்புறம் ஒரு சந்தேகம் சார். ஏழாவது வார்டுல நிக்கணும்னா, ஏழாவது வார்டுலதான் குடியிருக்கணுமா?"

"இல்லம்மா. இந்த நகரத்துல எங்க குடியிருந்தாலும், எந்த வார்டுல வேணும்னாலும் நிக்கலாம்."

அவ்வளவு பேர் கால்கடுக்க நின்றுகொண்டிருந்த இடத்தில், அவளும் நிற்பதைப் பற்றித்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன். கால் வலி போலிருக்கிறது, பாவம் என்றுகூட நினைத்தேன். தையல்காரர் மட்டும் சட்டென்று வாயை மூடிக்கொண்டு, பக்கத்தில் இருந்த வேன் டிரைவரை இடித்துச் சிரித்தார். எனக்கு அப்போதாவது உறைத்திருக்க வேண்டும்.

வரைபடம் ஏற்கப்பட்டது. நம்பினால் நம்புங்கள், அதோடு வாசல் மணி நின்றுபோனது. தையல்காரர் வரவில்லை. யாருமே வரவில்லை. சாயங்காலம் டீ போட்டேன். அவள் வந்து இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்தாள். சேர்த்து வைத்த பேச்செல்லாம் எனக்கு மறந்துபோயிற்று. அவள் டீயை ஊதி ஊதிக் குடித்தாள், நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். இவளோடு சும்மா உட்கார்ந்திருப்பதற்காக இன்னும் பத்து வரைபடம் போடலாம் என்று தோன்றியது.

"என்னங்க."

"சொல்லும்மா."

"நான் நிக்கப் போறேன்."

"ஏன், இப்பதானே உக்காந்தே? நாற்காலி ஆடுதா?"

"தேர்தல்லங்க. ஏழாவது வார்டுல."

டீ மூக்கில் ஏறிவிட்டது. அவளே எழுந்து தலையில் தட்டினாள்.

"இதை உங்ககிட்ட நானே சொல்றவரைக்கும் யாரும் இங்க வரக்கூடாதுன்னு சொல்லி வெச்சிருந்தேன். பள்ளத்து ஜனங்க ரொம்ப நாளாக் கேட்டுக்கிட்டே இருந்தாங்க. நான்தான் வேண்டாம்னேன். நின்னாத் தோத்துடுவேன். பழைய ஏழாவதுல பாதிப் பேர் அடுக்குமாடிக்காரங்க. அவங்களுக்கு நான் யாருன்னே தெரியாது. எனக்கு வேண்டியவங்கள்ல பாதிப் பேர் ஆறாவதுல கிடந்தாங்க. நீங்கதான் மகராசனா, வேண்டாதவங்களை எல்லாம் வழிச்சு எட்டுல போட்டுட்டு, வேண்டியவங்களை எல்லாம் ஏழுல அள்ளிக் கொடுத்தீங்க!"

யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். யானையாவது தும்பிக்கையால் போட்டுக்கொள்கிறது. நான் ஸ்கேல் வைத்து, அளந்து போட்டுக்கொண்டேன்.

"நான் ஒண்ணும் அதுக்காகப் போடலை," என்றேன். "எல்லாரும் அந்தப் பக்கம் போயிட்டா நீ என்கூட இருப்பேன்னு போட்டேன். சாயங்காலத்துல உன்னோட உக்காந்து பேசணும். அவ்வளவுதான் எனக்கு வேணும். வேற ஒண்ணுமில்ல."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"முத நாளே தெரியும். குடிமகனாம், கடமையாம்! மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு 'நாம எட்டு'ன்னீங்களே, அப்பவே தெரியும். என்மேல இவ்வளவு ஆசையான்னு உள்ள போய் அழுதுட்டுத்தான் டீ போட்டேன்."

"அழுதுட்டு வந்துமா வெல்டிங் பட்டறையைக் கேட்டு வாங்கினே?"

"பட்டறையை அதுக்கு முன்னாடியே கேட்டு வாங்கிட்டேன்."

நான் கீழே இருந்த டம்ளரை எடுக்கக் குனிந்தேன். அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இனிமே எல்லாச் சாயங்காலமும் நீங்க என்கூடத்தான். சந்து சந்தா ஓட்டுக் கேக்கப் போகணும். வழியெல்லாம் பேசிக்கிட்டே போவோம். வருவீங்களா?"

போனேன். வேறென்ன செய்ய? நோட்டீஸ் பை என் தோளில். அவள் முன்னால், நான் இரண்டடி பின்னால். ஒரு வாசலுக்கும் அடுத்த வாசலுக்கும் நடுவே கிடைக்கிற இடைவெளியில் பேசினோம். ஆபீசில் நடந்தது, நான் சின்ன வயதில் ஆற்றில் விழுந்தது, எங்கள் கல்யாணத்தன்று அவள் முகத்தைப் பார்த்து நான் பயந்தது. மறந்துபோன பேச்செல்லாம் சந்துக்கு ஒன்றாகத் திரும்பி வந்தது. அவள் சிரித்த சிரிப்பில் தையல்காரர் இரண்டு தடவை வெளியே வந்து எட்டிப் பார்த்தார்.

பிரசாரத்தின் கடைசிச் சாயங்காலம். எல்லாச் சந்தும் முடிந்து மேட்டில் ஏறும்போது அவள் சட்டென்று நின்றுவிட்டாள்.

"பயமா இருக்குங்க."

அவள் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை.

"இத்தனை பேர் வாசல்ல நின்னு சிரிச்சாங்க. உள்ள போய் யாருக்குப் போடுவாங்களோ? தோத்துட்டா இந்த ஜனங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

பையை இறக்கி வைத்துவிட்டு, தெரு என்றும் பார்க்காமல் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன்.

"இங்க பாரு. ஊர்ல யார் போட்டா என்ன, போடாட்டி என்ன? ஓட்டுப் போடற அன்னிக்கு விடிஞ்சதும் வரிசையில முத ஆளா போய் நிக்கிறேன். முத ஓட்டு என் ஓட்டு. அது உனக்குத்தான்."

அவள் கண் தளும்பிவிட்டது. புறங்கையால் துடைத்துக்கொண்டாள். என் சட்டைக் காலரைச் சரிசெய்து, கன்னத்தை ஒருமுறை தொட்டாள்.

"போட முடியாதுங்க. நீங்க எட்டாவது வார்டு."