அப்படியே செய்யவும்

குவாரிக்கு அரியமுத்து தர வேண்டிய அட்வான்ஸ் பாக்கி ஏழாயிரத்து முந்நூற்று ஐம்பது ரூபாய். சம்பளத்தில் மாதம் ஐந்நூறு பிடிப்பதாகப் பேச்சு. அதற்கு மேல் பிடித்தால் வீட்டில் அடுப்பு எரியாது.

இடுப்பு போனதால், அரியலூர் குவாரியில் கல் ஏற்றியவரை எடைமேடை ரூமில் மெயில் பார்க்க உட்கார வைத்திருந்தார்கள். நாற்பத்தெட்டு வயதில் எழுத்துக் கூட்டக் கற்றவர். பழைய கம்ப்யூட்டர். கறுப்புத் திரையில் வெறும் எழுத்துதான், மவுஸ் கிடையாது. 'நாளை எட்டு லாரி அனுப்புகிறோம்' என்று சிமெண்ட் ஆலையிலிருந்து மெயில் வரும். திறந்து, பதில் தட்டி, அனுப்பி, பழைய மெயில் பெட்டிக்குத் தள்ள வேண்டும். ஒரு நாளைக்கு அறுபது.

"கல்லு தூக்குனப்ப இடுப்புதான் வலிச்சுது பாப்பா. இப்ப விரலும் வலிக்குது."

பெரம்பலூர் ஆபீசிலிருந்து கம்ப்யூட்டர் பார்க்க வந்த சண்முகப்பிரியா சிரித்தாள். "எல்லாத்தையும் ஒரே பட்டன்ல போட்டுத் தரேண்ணே. எஃப் அஞ்ச தட்டுனா, 'சரி. அப்படியே செய்யவும்'னு பதில் போயி, மெயிலும் பெட்டிக்குப் போயிடும். ஆனா படிச்சிட்டு அமுக்குங்க."

அவருக்கு 'அமுக்குங்க' மட்டும்தான் காதில் விழுந்தது.

டீ ஆறுவதற்குள் அறுபதும் முடிந்தன. மூன்றாம் நாள், குவாரி லாரி டிரைவர் தர்மன் பத்து நாள் லீவு கேட்டதற்கும் 'சரி' போய்விட்டது. லாரி நின்றது, மேஸ்திரி கத்தினார்.

பிரியா வந்து, லீவு என்ற சொல் இருந்தால் 'முடியாது' என்று போகும்படி மாற்றினாள்.

அந்த வாரமே சிமெண்ட் ஆலை எழுதியது: 'ஞாயிறு லீவு. லாரி வராது.' பதில் போனது: 'முடியாது.' ஞாயிறு காலை எட்டு லாரிகள் வந்து வரிசையில் நின்றன. கல் ஏற்ற ஓர் ஆள் இல்லை.

பயந்துபோய்ப் பழைய பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எழுத்துக் கூட்டினார். கணக்கர் உத்திராபதி கேட்டிருந்தார்: 'உங்கள் பாக்கி முழுவதையும் இந்த மாதமே பிடித்துக்கொள்ளலாமா?'

கீழே அவருடைய பதில்: 'சரி. அப்படியே செய்யவும்.'

எழுந்து வாசலுக்கு வந்து, எதிரே வந்தவனிடம் சொன்னார்.

"முதலாளிக்கே எழுதுங்க மாமா," என்றான், லீவு முடிந்து மொட்டைத் தலையோடு வந்த தர்மன். "எழுதுறதுதான் எழுதுறீங்க, முழுசாத் தள்ளுபடி பண்ணச் சொல்லுங்க. திட்டுனா திட்டிட்டுப் போறாரு."

ஒற்றை விரலால் ஒரு மணி நேரம் தட்டினார். 'ஐயா, அந்தச் சரியை நான் சொல்லவில்லை. பட்டன் சொன்னது. பாக்கியைத் தள்ளுபடி செய்துவிடலாமா?' கணக்கருக்கும் சேர்த்தே அனுப்பினார்.

மத்தியானம் முதலாளியிடமிருந்து இருவருக்கும் பதில்: 'சரி. அப்படியே செய்யவும்.'

சாயங்காலம் உத்திராபதி போன் செய்தார். "யோவ், என்னய்யா சொக்குப்பொடி போட்ட? ஒம் பாக்கிய நோட்டுல அடிச்சாச்சு. போ, நிம்மதியாத் தூங்கு."

தூங்கினார். மறுநாள் பிரியாவிடம் தழுதழுத்தார். "தங்கமான மனுசன் பாப்பா. பதிலக்கூட நம்ம வார்த்தையிலயே எழுதியிருக்காரு, பாரு."

பிரியா திரையைப் பார்த்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டு, எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள்.

"வெளியில சொல்லிடாதீங்கண்ணே. முதலாளியும் விரல் வலிக்குதுன்னாரு, போன வாரந்தான் அவருக்கும் எஃப் அஞ்சு போட்டுக் குடுத்தேன்."