எனக்கு முன்னே புறப்பட்ட பற்கள்

எந்தச் சூழ்நிலையிலும் அந்தக் கேரவன் வண்டியில் ஏறுவதில்லை என்று சென்ற புதன்கிழமை காலை ஏழு மணிக்கு உறுதி பூண்டேன். ஏழேகால் மணிக்கு என் மனைவி அமுதம் காப்பியோடு வந்தாள். உறுதியை நெஞ்சுக்குள்ளேயே பத்திரமாக வைத்துக்கொண்டேன். உறுதி வேறு, துணிச்சல் வேறு.

ஓசூரில் வேலை பார்க்கும் என் மகன் முத்துக்குமரன், படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே அமைந்த ஒரு கேரவன் வண்டியை எட்டு நாளைக்கு வாடகைக்குப் பேசிவிட்டான். ஞாயிறு காலை வரிச்சிக்குடியில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து குடும்பத்தோடு புறப்பாடு. தஞ்சாவூர், பொள்ளாச்சி, அப்புறம் வால்பாறை மலை. இதுவரை எனக்கு மறுப்பில்லை. "மலைப்பாதையில மட்டும் அப்பா ஓட்டட்டும்" என்றானே, அங்கேதான் என் குலை நடுங்கியது.

குற்றம் என்னுடையதே. திருமணத்துக்கு முந்திய ஆண்டில், வால்பாறைச் சாலையின் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளிலும் அலுவலக ஜீப்பை ஒற்றைக் கையால் ஓட்டிச் சென்றதாக முப்பத்து நான்கு ஆண்டுகளாக இந்த வீட்டில் சொல்லிவருகிறேன். மறு கையில் தேநீர் இருந்ததாகவும் சொல்லியிருக்கிறேன். நாளடைவில் ஒரு யானையும் குறுக்கே வந்து சேர்ந்துகொண்டது. பேத்தி ஓவியா அந்த யானைக்குப் படம்கூட வரைந்திருக்கிறாள். "தாத்தா ஓட்டுனாத்தான் நான் வருவேன்" என்பது அவள் விதித்த நிபந்தனை.

உண்மை என்ன? அன்று ஜீப்பை ஓட்டியவர் எங்கள் அலுவலக ஓட்டுநர் காதர் பாட்சா. எழுத்தராகிய நான் பின்னிருக்கையில் கண்ணை மூடிப் படுத்திருந்தேன். அரைமணி நேரம் வண்டி ஓட்டினால் யூனியன் பிரதேசமே தீர்ந்துபோகும் ஊரில் பிறந்தவன் நான். அரசலாற்றுப் பாலம்தான் நான் கார் ஓட்டி ஏறிய சிகரம். அதிலும் எதிரே பேருந்து வந்தால் ஓரங்கட்டி நின்றுவிடுவேன்.

மருமகளையும் பேத்தியையும் ஏற்றிக்கொண்டு வீடளவு வண்டியை மலையில் வளைப்பதா? நினைத்தாலே உள்ளங்கை வியர்த்தது. பேத்தி முன்னால் உண்மையைச் சொல்வதா? நினைத்தால் உடம்பு முழுவதும் வியர்த்தது.

அப்போதுதான் சுவரில் தொங்கிய நாள்காட்டி என்னைக் காப்பாற்ற முன்வந்தது. அமுதம் துடைப்பம் வாங்குவதற்கும் அதில் நேரம் பார்ப்பவள். ஞாயிற்றுக்கிழமைத் தாளைப் புரட்டினேன். சூலம், மேற்கு! அந்தத் திசையில் அன்று பயணம் ஆகாது. வாடகை வண்டிக்கோ வேறு நாள் கிடையாது. எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

"அமுதம், ஞாயித்துக்கிழமை மேற்கே சூலம். பார்த்தியா?"

"பார்த்தேங்க. கீழேயே போட்டிருக்கு, பரிகாரம் வெல்லம்னு. ஒரு கட்டி வாயில போட்டுக்கிட்டுப் புறப்பட வேண்டியதுதான்."

"வெல்லமெல்லாம் பக்கத்துல இருக்கிற திருநள்ளாறு வரைக்கும் தாங்கும். எட்டு நாள் பயணத்துக்குத் தாங்குமா? பிள்ளைகுட்டியோட போறோம். சாஸ்திரத்தோட விளையாடக் கூடாது."

"நீங்களா சாஸ்திரம் பேசுறது?"

"வயசாகுதுல்ல. பக்தி வருது."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு, "நீங்க சொல்றதும் சரிதான். சாஸ்திரப்படியே செஞ்சிடுவோம்" என்று அடுக்களைக்குள் போய்விட்டாள். வெற்றி! அன்று இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன். அவளும் மறுக்காமல் வைத்தாள். அப்போதே நான் சந்தேகித்திருக்க வேண்டும்.

மறுநாள் வியாழக்கிழமை. குளிக்கும் முன் என் பல்செட்டையும் மூக்குக்கண்ணாடியையும் அலமாரியில் வைப்பது வழக்கம். குளித்துவிட்டு வந்து அலமாரியைத் தடவினேன். பற்களும் இல்லை, கண்ணாடியும் இல்லை. பக்கத்திலிருந்த இரத்தக்கொதிப்பு மாத்திரை டப்பாவும் இல்லை.

"அழுதம்!" என்று அலறினேன். பல் இல்லாத வாயில் அவள் பெயர் அப்படித்தான் வந்தது.

"பதறாதீங்க. பரஸ்தானம் வச்சுட்டு வர்றேன்."

பயண நாள் சரியில்லை என்றால், அதற்கு முன் ஒரு நல்ல நாளில், நல்ல நேரத்தில், போகிற திசையிலுள்ள ஒரு வீட்டில் நம் பொருளைக் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். அந்த நிமிடமே பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. புறப்படும் நாளில் அதை எடுத்துக்கொண்டு போகலாம். இதுதான் பரஸ்தானம். இந்த வழக்கத்தை நான் அடியோடு மறந்திருந்தேன்.

"ஒரு வேட்டி, துண்டு வச்சா போதாதாடி?"

"எட்டு நாள் பயணத்துக்குத் தாங்குமாங்க? நீங்க இல்லாம இருக்க முடியாத பொருளா வச்சாத்தான் பலன். பத்தே முக்காலுக்கு உங்க பயணம் தொடங்கியாச்சு."

"திருப்பி எடுத்துட்டு வா!"

"வச்ச பொருள் பயணம் போகாம வீட்டுக்குத் திரும்பக் கூடாது. குடும்பத்துக்கே ஆகாது. சாஸ்திரத்தோட விளையாடலாமா?"

அந்த நேரம் பார்த்து முத்துக்குமரன் தொலைபேசியில் முகம் காட்டினான். "அப்பா, தயாரா?" நான் வாயைத் திறந்தேன். காற்று வந்தது. அமுதம் எட்டிப் பார்த்து, "அப்பாவுக்கு சந்தோஷத்துல பேச்சே வரலப்பா" என்றாள்.

அதுவாவது போகட்டும். அடுத்து நான் கேட்ட கேள்விக்கு வந்த பதிலில்தான் என் இதயம் ஒரு வளைவைத் தவறவிட்டது.

"யாரு வீட்டுல வச்சே?"

"மேற்கே நாலு வீடு தள்ளி. நம்ம காதர் அண்ணன் வீட்டுலதான்."

உலகத்தில் என் வால்பாறைக் கதைக்கு ஒரே சாட்சி அந்த மனிதர்! பழைய நட்பின் பொருட்டு இத்தனை ஆண்டுகள் வாயை மூடிக்கொண்டிருந்தவர். அவர் வீட்டில் என் மனைவி, என் பற்களோடு, எவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருந்தாளோ?

வெள்ளிக்கிழமை, அமுதம் ரேஷன் கடைக்குப் போன நேரம் பார்த்து, சுவரைப் பிடித்துக்கொண்டே காதர் பாட்சா வீட்டுக்குப் போனேன். அவர் ஓய்வுபெற்ற பிறகும் சொந்தமாகச் சுற்றுலா வேன் ஓட்டுகிறவர். வேனைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"வாங்க கண்ணையன். பல்லுக்குத்தானே? தங்கச்சி சொல்லிட்டுப் போயிருக்கு, நீங்க வெள்ளிக்கிழமை வருவீங்க, குடுக்கக் கூடாதுன்னு."

"காதர், எனக்கு நாலு நாளா... இல்லை, ரெண்டு நாளா கஞ்சிதான். இரக்கம் காட்டக் கூடாதா?"

"என்னை நம்பி அமானிதமா வச்ச பொருள். வச்சவங்க கையிலதான் திருப்பிக் கொடுக்கணும்."

குரலைத் தாழ்த்தினேன். "அந்த ஜீப் விஷயம்... அவகிட்ட..."

"அல்லா மேல ஆணை, நான் ஒரு வார்த்தை பேசல."

பாதி உயிர் திரும்பியது. மீதிப் பாதி ஞாயிற்றுக்கிழமைக்காக நடுங்கிக்கொண்டிருந்தது.

ஞாயிறும் வந்தது. காதர் பாட்சா வீட்டு வாசலில் அந்தக் கேரவன், தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. மாத்திரையும் மூக்குக்கண்ணாடியும் கைக்கு வந்தன. மாட்டிக்கொண்டு பார்த்தால், வண்டியின் முன்கண்ணாடியில் நான் கடுகளவு தெரிந்தேன். அமுதம் என் பற்களைக் கழுவிக் கையில் கொடுத்தாள். அணிந்துகொண்டேன். அவை என் அனுமதி கேளாமல் தந்தியடித்தன.

"தாத்தா, ஏறுங்க! மலையில நீங்கதான் ஸ்டியரிங்கைப் பிடிக்கணும்!" என்று ஓவியா குதித்தாள்.

சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். என் யானையை நானே கொன்றுவிடுவது. "ஓவியா கண்ணு, தாத்தா ஒண்ணு சொல்லணும்..."

"தாத்தா ஓட்ட முடியாதுடி" என்று அமுதம் குறுக்கிட்டாள். "தாத்தாவுக்குப் பரஸ்தானம் வச்சிருக்கு. பரஸ்தானம் வச்சவங்க வண்டி ஓட்டக் கூடாது. சாஸ்திரம். அதான் காதர் தாத்தாவை வரச் சொல்லியிருக்கேன்."

அப்படியொரு சாஸ்திரம் எந்தப் பஞ்சாங்கத்திலும் இல்லை. காதர் பாட்சா புன்னகையோடு ஓட்டுநர் இருக்கையில் ஏறினார். ஓவியா முகம் சுருங்கி, "அப்ப யானை கதையாவது சொல்லணும்" என்று விட்டுக்கொடுத்தாள். நானும் அமுதமும் பின்னிருக்கையில் அமர்ந்தோம். வண்டி நகர்ந்தது.

"அமுதம்," என்றேன், "காதர் சொல்லிட்டாரா?"

"அண்ணன் சொல்லல. அண்ணி சொன்னாங்க. நம்ம கல்யாணத்துக்கு மறுவாரமே."

"முப்பத்து நாலு வருஷமா தெரியுமா? தெரிஞ்சுமா கேட்டுக்கிட்டு இருந்தே?"

"நீங்க சொல்றது நல்லாத்தானே இருந்துச்சு. அந்த யானையைத்தான் நான் எதிர்பார்க்கல."

நெஞ்சு நிறைந்து அவள் கையைப் பற்றினேன். அவள் அதை விடுவித்துக்கொண்டு, பைக்குள்ளிருந்து ஒரு கட்டுப் பிளாஸ்டிக் கவரை எடுத்து என் மடியில் வைத்தாள்.

"அன்னைக்குப் பதினேழாவது வளைவுலதானே வாந்தி ஆரம்பிச்சீங்க? பதினாறுலயே சொல்லிடுங்க, வாடகை வண்டி."