கொண்டை போட்ட கைதி

எனக்குச் சிங்களம் சரியாகத் தெரியாது. இந்த ஒரு வரியை எட்டு வருடங்களுக்கு முன்பே சொல்லியிருந்தால், ஒரு மனிதர் தன் முதல் பிள்ளையை நேரத்துக்குப் பார்த்திருப்பார்.

பள்ளிக்கூட அதிபர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, எஹலியகொடப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் மேற்பார்வையாளராகக் குடியிருந்தேன். ஹட்டன் பக்கம் பிறந்தவன். என் சிங்களம் கடையில் சீனி வாங்கும் அளவுதான். லயத்து வீடுகளில் இருந்த தொழிலாளர்கள் தண்ணீர் பட்ட பாடாகப் பேசுவார்கள். (படித்தவன் அவர்களிடம் போய்க் கேட்பதா?) போதாததற்கு, அலமாரி நிறையத் துப்பறியும் நாவல்கள்.

ஒருநாள் காலை பொலிஸ் சார்ஜன்ட் ஃபோன் செய்தார். மறியலிலிருந்து தப்பிய கைதி ஒருவன் தோட்டப் பக்கம் வந்திருக்கிறானாம். அடையாளம் கேட்டேன்.

"கொண்டே கொட்டய்" என்றார் சிங்களத்தில்.

"ஹரி, ஹரி" என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் 'சரி' சொல்லி ஃபோனை வைத்துவிட்டேன்.

கொண்டை. கொட்டை. நொடியில் துப்பு துலங்கியது: சாமியார் வேஷம்! ரப்பர் பால் வெட்டும் ஆட்களைக் கூட்டி, "கொண்டை போட்டிருப்பான், கழுத்தில் உருத்திராட்சக் கொட்டை இருக்கும். விடாதீர்கள்" என்று உத்தரவிட்டேன். நான் கேட்டில் காவல் நின்றேன். முடி ஒட்ட வெட்டிய ஓர் இளைஞன் வந்து சிங்களத்தில் தண்ணீர் கேட்டான். தேநீரே கொடுத்து, கள்ளன் திரிகிறான், கவனம் என்று கையால் சொல்லி, பஸ் பாதையையும் காட்டி அனுப்பினேன்.

பத்து மணிக்கு ஆளைப் பிடித்து வந்தார்கள். கொண்டை இருந்தது. கொட்டையும் இருந்தது.

"ஐயா, நான் மேத்தோட்டத்து மாணிக்கங்க. ஒம்பது வருசம் கழிச்சுப் புள்ள பொறந்திருக்கு. நேத்திக்கடனுக்கு வளத்த முடிங்க இது. பன்னெண்டு மணிய விட்டா சாயங்காலந்தான் ஆஸ்பத்திரியில பாக்க விடுவாங்க, விட்டுருங்கய்யா!"

எல்லாக் குற்றவாளிகளுக்கும் ஆஸ்பத்திரியில் ஒரு மனைவி இருப்பாள் என்று நாவல்களில் படித்திருந்தேன். ரப்பர் ஸ்டோரில் வைத்துப் பூட்டச் சொல்லி, பொலிஸுக்கு ஆள் அனுப்பினேன்.

சார்ஜன்ட் வந்தபோது மணி ஒன்று. மாணிக்கத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பால் வெட்டும் ராமாயிதான் வாயைத் திறந்தாள்.

"சேர், ஃபோன்ல சார்ஜன்ட் என்னா சொன்னாரு ஒங்ககிட்ட?"

சொன்னேன்.

"ஐயோ சேர்! கொண்டேன்னா முடி. கொட்டன்னா கட்டை. ஒட்ட வெட்டுன கட்ட முடிக்காரன்னு சொல்லியிருக்காரு! எங்களக் கேட்டா ஒங்க பட்டம் கொறஞ்சிருமா?"

தேநீர் குடித்துப் போனவனை எஹலியகொட பஸ் ஸ்டாண்டில் பிடித்தார்கள். மாணிக்கம் அன்று மாலைதான் மகளைப் பார்த்தார். மத்தியானம் முழுவதும் அவர் மனைவி வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தாளாம். நான் வெட்கப்பட்டது சிங்களம் தெரியாததற்கு அல்ல; அந்த மனிதர் நல்ல தமிழில் சொன்னதையும் கேட்காததற்கு.

இன்றும் நான் சலூனிலிருந்து வந்தால், "பொலிஸுக்கு ஃபோன் பண்ணவா?" என்கிறாள் என் மனைவி.

பிள்ளைக்குக் கோயிலில் மொட்டை அடித்த அன்று மாணிக்கமும் முடி இறக்கினார். என்னையும் அழைத்திருந்தார். பளபளத்த தலையைத் தடவிக்கொண்டு இரண்டு கைகளையும் நீட்டினார்.

"இப்பப் புடிங்க சேர், அடையாளம் சரியா இருக்கு!"

கோயிலே சிரித்தது. நானும் சிரித்தேன். அவர் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து இன்னும் சிரிக்கவில்லை.