மிளகாய்க்கு வாய்த்த தகப்பன்

நம்மிடையே ஓர் இனம் உண்டு: அக்டோபர் பிறந்ததும் தோட்டத்து மிளகாய்ச் செடிகளை வேரோடு பெயர்த்து, தொட்டியில் நட்டு, வீட்டுக்குள் கூட்டிவந்து, குடும்பத்தைக் குளிரடிக்கும் வாசல் நடைக்குத் தள்ளிவிடும் இனம். எங்கள் ப்ளோவ்திவ் நகரில் அடுக்குமாடிக்கு ஒருவர் நிச்சயம். எங்கள் கட்டடத்துக்கு ஸ்தாமென். ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். என் தலைக்கு நேர்மேலே குடியிருப்பவர்.

உறைபனி பட்டால் மிளகாய்ச் செடி கருகிவிடும். உண்மைதான். அதற்காக? நன்றாகச் சூடேறும் ஒரே அறையில் தொட்டிகள் குடியேறின. அங்கிருந்த மனைவி ருமியானாவின் தையல் மிஷின் நடைக்குப் போனது, பின்னாலேயே அவளும் போனாள். சாப்பாட்டு மேசையும் செடிகளுக்கே என்றானதால், கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலை விருந்தாளிகள் நாங்கள் பீன்ஸ் சூப்பைச் சமையலறையில் நின்றபடியே குடித்தோம். இலைகளில் அசுவினிப் பூச்சி வந்ததும் குளியல் தொட்டியும் பறிபோனது. தினமும் சோப்புத் தண்ணீர்க் குளியல். செடிகளுக்கு.

"ஏங்க, நடையில இருமி இருமி நெஞ்சு வலிக்குதுங்க."

"கம்பளிய எடுத்துப் போத்திக்கோ. செடி தானாப் போத்திக்குமா?"

ஜனவரியில் ருமியானா காய்ச்சலோடு புர்காஸ் ஊரிலுள்ள தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். படிக்கட்டில் ஸ்தாமெனை நிறுத்தி விசாரித்தேன்.

"அண்ணே, அண்ணிக்கு இப்ப எப்படி இருக்கு?"

"ஒரு இலை மஞ்சளாயிருச்சுப்பா," என்றார். கண் கலங்கியிருந்தது.

பிப்ரவரியில் ஒருநாள் கட்டடத்தின் வெப்பக் குழாய்கள் பழுதாயின. அன்றைக்குத்தான் ருமியானா திரும்பி வந்தாள். பண்டிகைக்கு மட்டும் அவள் போடும் ரோமக் கோட்டு செடிகள்மேல் போர்த்தியிருந்தது. அதைப் பார்த்தாள். நேரே போய்ச் சன்னலைத் திறந்துவிட்டாள். ஸ்தாமென் போட்ட அலறலில் நான் மேலே ஓடினேன்.

"ஐயோ, செத்துப்போயிரும்டி!"

"நான் காய்ச்சல்ல கிடந்தப்ப இதுல பாதி கத்தியிருந்தா, நான் ஏன் புர்காஸுக்குப் போறேன்?"

ஸ்தாமென் சன்னலைச் சாத்தினார். யாரும் சொல்லாமலே தொட்டிகளைத் தூக்கிப் படிக்கட்டுத் திருப்பத்தில் கொண்டுபோய் வைத்தார், நானும் கைகொடுத்தேன். தையல் மிஷினை உள்ளே இழுத்தார். அவளுக்குத் தேநீர் போட்டார். "சர்க்கரை எவ்வளவு?" என்று அவளையே கேட்டார். செடிக்கு உரம் சொட்டுக்கணக்கில் தெரியும், இது தெரியாது.

படிக்கட்டில் குளிர் உண்டு, உறைபனி இல்லை. செடிகள் இலையெல்லாம் உதிர்த்துக் குச்சிகளாகி நன்றாகத் தூங்கின. ஏப்ரலில் அடர்ந்து துளிர்த்தன. ஊரில் முதல் மிளகாய் அவருடையதுதான். திருந்தியிருப்பார் என்கிறீர்களா? சந்தையில் நின்று ஊருக்கே பாடம் நடத்துகிறார்: "மிளகாய்க்குக் கதகதப்பே ஆகாதுய்யா! தூங்க விடணும். நான் ஆரம்பத்துலேர்ந்தே சொல்றேன்!" பக்கத்தில் ருமியானா தக்காளியைப் பொறுக்குவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்களிடம்தான் மிளகாய்ச் செடியே இல்லையே! நல்லது. புது கார் ஒன்று வைத்திருக்கிறீர்களாமே? ஆலங்கட்டி மழை வந்தால் முதலில் யாரைக் காப்பாற்ற ஓடுவீர்கள்? மெதுவாகச் சொல்லுங்கள். உள்ளே இருப்பவர் காதில் விழுந்துவிடப் போகிறது.